கோலமிடாத வாசல்

சிவசக்தி ஜப்பானிய எழுத்துகளைக் கற்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவளுடைய தாய் பெரியாயி ஒரு தடை சொன்னாள். எழுத்துகளோடு அவளுக்குப் பகையில்லை. படத்தோடுதான்.

"உசுரோட இருக்கிறவளப் படம் புடிச்சுக் கீழ எழுத்து எழுதுவாங்களாடி? செவுத்துல மாட்டுற படத்துக்குத்தான் அப்புடி எழுதுவாங்க. உங்கப்பாவப் பாரு."

சுவரில் நல்லையா இருந்தார். நெற்றியில் சந்தனம் வைத்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மார்புக்குக் கீழே தோன்றிய நாளும் மறைந்த நாளும் வெள்ளை எழுத்தில் நின்றன. தேயிலைத் தோட்டத்தில் அந்த வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. எழுத்துத் தாங்கிய முகம் இறந்தவரின் முகம். உயிருள்ளவர் படம் எழுத்தின்றி இருக்கும்.

"அம்மா, இது செவுத்துக்கு இல்ல. லப்டொப்புக்குள்ள இருக்கும். நா மட்டுந்தான் பாப்பேன்."

"உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன. எழுத்து எழுத்துதான்."

சொன்னாளே தவிர, மகள் கைபேசியைத் தூக்கியதும் பெரியாயி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். மலையிலிருந்து இறங்கி வந்து, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை அவிழ்த்து அருகே போட்டுவிட்டு, வாசற்படியில் முழங்காலில் மோவாயை வைத்து அமர்ந்திருந்தாள். அந்தக் கோலத்திலேயே படம் விழுந்தது. சிவசக்தி அதை மடிக்கணினிக்கு மாற்றி, ஒரு கூண்டும் அதற்குள் இரண்டு புள்ளிகளுமாக இருந்த ஓர் எழுத்தோடு இணைத்தாள். 母. அந்தப் புள்ளிகள் குழந்தைக்குப் பாலூட்டும் மார்புகள் என்று பதுளை வகுப்பில் ஆசிரியை விளக்கியிருந்தார். தன் தாயைக் குறிக்கும்போது அதை ஹஹ என்று படிக்க வேண்டும்.

"அம்மாவ ஹஹன்னு கூப்புடுவாங்களா?" என்றாள் பெரியாயி. "அப்ப அந்த ஊர்ல பெத்தவளப் பாத்தாச் சிரிப்புத்தான் வருமாக்கும்."

ஜப்பானில் முதியோரைப் பேணும் வேலைக்குச் செல்வதே சிவசக்தியின் எண்ணம். அதற்கு மொழிப் பரீட்சையில் தேற வேண்டும். பரீட்சையைக் கொழும்பில் கணினி முன் அமர்ந்து எழுத வேண்டும். அதில் தேறினால் அவள் தேயிலை மலையில் கால் வைக்க வேண்டியதில்லை. தேறாவிட்டால், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தாயின் பக்கத்தில் தானும் நிற்க வேண்டியதுதான். ஸ்பிரிங்வெளிக்கு அப்பால், மஞ்சு பாதி நாள் படிந்து கிடக்கும் தோட்டத்தின் அந்த மேற்பிரிவில் ஒரு பெண்ணுக்கு வேறு வழி எளிதில் வாய்ப்பதில்லை.

வகுப்பில் அவளுடைய தோழி றின்ஸா. பதுளைக் கடைவீதியில் கைபேசியும் பழைய மடிக்கணினியும் விற்கும் நௌபரின் மகள். சிவசக்தியின் கணினி அந்தக் கடையிலிருந்து வந்தது. எழுத்துகளைப் பயிற்றும் செயலியை அதில் ஏற்றித் தந்தவளும் றின்ஸாதான்.

செயலியின் முறை எளியது. அட்டையின் ஒரு முகத்தில் எழுத்து. மறுமுகத்தில் படமும் உச்சரிப்பும். எழுத்தைப் பார்த்துப் பொருளை நினைக்க வேண்டும். பிறகு மறுமுகத்தைத் திறந்து, சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்த வேண்டும். அவற்றின் மேல் இருந்த ஆங்கிலத்தை விட்டுவிட்டு, மறந்தேன், தெரியும், எளிது என்று சிவசக்தி தனக்குள் பெயரிட்டுக்கொண்டாள். மறந்தேன் என்றால் அட்டை உடனே திரும்பி வரும். தெரியும் என்றால் சில நாள் கழித்து வரும். அறிய அறிய அதன் வரவு தள்ளிப்போகும். வாரம் மாதமாகும், மாதம் பருவமாகும். மனிதர் ஒன்றை மறக்கவிருக்கும் நாளைக் கணித்து, அந்த நாளின் வாயிலில் அதைக் கொண்டுவந்து நிறுத்துவதே அந்தச் செயலியின் கலை. அடுத்த வரவு எந்நாள் என்பதையும் அது பொத்தானின் கீழே காட்டும்.

றின்ஸாவும் மற்றவர்களும் இணையத்திலிருந்து அழகிய படங்களை இறக்கிக்கொண்டார்கள். மேற்பிரிவில் இணையம் மழைத்துளிபோல் சொட்டியது. ஆகவே சிவசக்தி தோட்டத்து வரிசை வீடுகளான தன் லயத்தையே படம் பிடித்தாள். பூவுக்கு வாசலோரத்துத் தொட்டியில் நின்ற செவ்வந்தி. நாய்க்குக் கறுப்பன். நீருக்கு லயத்தார் நீர் பிடிக்கும் பீலி. தாய்க்குத் தாய்.

முதலில் மாறியது பூ.

ஒரு பிற்பகல், 花 என்ற எழுத்துக்குத் தயங்காமல் ஹன என்று விடை சொல்லி, எளிது என்பதை அழுத்தினாள். அட்டை விலகுமுன் படம் ஒரு மூச்சளவு நேரம் திரையில் நிற்பது வழக்கம். அந்த மூச்சளவில், தொட்டி உடைந்து கிடந்தது. மண் படியில் சிதறியிருந்தது; செவ்வந்தி வேரோடு சாய்ந்து வாடியிருந்தது. அடுத்த அட்டை வந்துவிட்டது. சிவசக்தி எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். தொட்டி முழுமையாக இருந்தது. பூவின் மேல் ஈரம் மின்னியது.

படங்களைப் பிழையாகச் சேர்த்துவிட்டோம் என்று எண்ணினாள். ஆனால் உடைந்த தொட்டியை அவள் படம் எடுத்ததே இல்லை.

அந்த அட்டை திரும்பி வரவேண்டிய நாளன்று காலையில் கூரைமேல் குரங்குகள் ஓடின. ஒன்று தாழ்வாரத்துத் தகரத்திலிருந்து குதித்தது. ஓசை கேட்டுச் சிவசக்தி வெளியே வந்தபோது, தொட்டி உடைந்து, மண் படியில் சிதறி, செவ்வந்தி வேரோடு சாய்ந்து கிடந்தது. படத்தில் கண்ட ஓட்டுத்துண்டு எந்தத் திசையில் விழுந்திருந்ததோ அந்தத் திசையிலேயே இங்கும் விழுந்திருந்தது. அவள் அதைத் தொடவில்லை. தாய் வந்து கூட்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று முதல் பொத்தானை அழுத்தியதும் கண்ணிமைக்காமல் பார்க்கக் கற்றாள். பெரும்பாலான படங்களில் மாற்றம் இராது. பீலி ஒருமுறை வறண்டு தெரிந்தது. குறித்த நாளில் வறண்டது. பின்பு ஒரு நாள் நாயைக் குறிக்கும் 犬 வந்தது. கறுப்பன் படுத்திருந்த சாக்கில் கறுப்பன் இல்லை. சங்கிலி மட்டும் நீண்டு கிடந்தது.

அந்த நாள் நெருங்கியபோது அவள் நாயைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்து வீட்டுக்குள் கட்டினாள். பெரியாயி திட்டித் தீர்த்தாள். விடியலில் கறுப்பன் கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு வெளியே போயிருந்தது. காட்டோரத்தில் சிறுத்தையின் தடம் கண்டதாகக் கொழுந்தெடுக்கச் சென்ற பெண்கள் வந்து சொன்னார்கள். சாக்கும் சங்கிலியும் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

வகுப்பு முடிந்த ஒரு சனிக்கிழமை, நௌபரின் கடைக்குப் பின்னறையில் அமர்ந்து சிவசக்தி எல்லாவற்றையும் றின்ஸாவிடம் சொன்னாள்.

"மெய்யா?" என்றாள் றின்ஸா. பிறகு தன் கணினியைத் திறந்தாள். "என்ட அட்டையப் பாரேன். இந்த நாய் இன்டர்நெட்டு நாய். இது எங்கயும் போகாது. சும்மா ஈக்கி."

"ஒன்னோடது யாரோட நாயும் இல்ல. என்னோடது கறுப்பன்."

"ஒனக்குப் படிச்சுப் படிச்சுக் கண்ணுல ஏதோ ஈக்கி, சக்தி. வாப்பாகிட்ட சொல்லி வேற பொட்டி தாரன். இல்லாட்டி ஒண்டு செய். ஒன்ட படத்தயெல்லாம் அழிச்சிட்டு, என்ட படத்தப் போடு."

"போட்டேன். தாய்க்கு ஒரு ஜப்பான் பொம்பளயப் போட்டேன். பொழுது சாயிறதுக்குள்ள எடுத்துட்டேன்."

"ஏன்?"

"வீட்டுக்குள்ள யாரோ வந்து அம்மா எடத்துல ஒக்காந்த மாதிரி இருந்துச்சு."

றின்ஸா சிரிக்க வாயெடுத்தாள். தோழியின் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் தேநீரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அதுவரை தாயின் அட்டை சிறு இடைவெளிகளிலேயே வந்துபோய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் பெரியாயி படியில் அமர்ந்திருந்தாள். ஆடி மாதத்தில், தென்மேற்குக் காற்று தகரங்களை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், சிவசக்தி தெரியும் என்பதை அழுத்தினாள். செயலி அந்த அட்டையை முதல் முறையாகத் தொலைவில் வைத்தது. பொத்தானின் கீழே நவம்பர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை தெரிந்தது.

படத்தில் வாசல் வெறுமையாக இருந்தது.

வெறுமை மட்டுமானால் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பாள். வாசற்படி நீரூற்றிக் கழுவப்பட்டிருந்தது. ஈரம் படியிலிருந்து முற்றம்வரை கறுத்து ஓடியிருந்தது. அந்த ஈரத்தின் மேல் கோலம் இல்லை.

அந்த வாசலை அவள் முன்பு ஒருமுறை அப்படிக் கண்டிருக்கிறாள். நல்லையாவை லயத்தார் தோளில் எடுத்துச் சென்ற பின்பு, பெண்கள் குடங்குடமாக நீர் கொண்டுவந்து, உள்வீட்டிலிருந்து முற்றம்வரை கழுவினார்கள். கோலப்பொடியை யாரும் தொடவில்லை. உயிர் நீங்கிய வீட்டின் முகம் அது. தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அந்த முகத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

அவள் தாவி அட்டையைத் தேடி எடுத்து, மறந்தேன் என்பதை அழுத்தினாள். உடனே படத்தில் பெரியாயி படியில் வந்து அமர்ந்தாள். முழங்காலில் மோவாய், அருகே படங்குச் சாக்கு.

அன்று முதல் தாய் என்ற சொல்லை அவள் கற்க மறுத்தாள். ஒவ்வொரு நாளும் அந்த எழுத்து வரும். ஒவ்வொரு நாளும் மறந்தேன் என்பாள். பிற எழுத்துகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைவுக்குப் போயின. மலையும் ஆறும், வருகையும் போக்கும், நோயும் மருந்தும், முதுமையும் அவளுக்கு வசமாயின. பெற்றவள் மட்டும் கற்காத சொல்லாய்க் கூடவே இருந்தாள். இந்த அட்டை உங்களுக்கு மீண்டும் மீண்டும் தவறுகிறது, ஒதுக்கி வைக்கலாமா என்று செயலி ஒருநாள் கேட்டது. வேண்டாம் என்றாள். மறுவாரமும் கேட்டது. ஒதுக்கி வைப்பது என்பதன் பொருளை எண்ணிப்பார்க்க அவள் விரும்பவில்லை.

அதிகாலையில் நீராடி, வாசல் தெளித்துக் கோலமிட்டு, விளக்கின் முன் பதிகம் பாடுவது அவளுடைய பழக்கம். காலனை உதைத்த திருவடியைப் பாடும்போது அவள் குரல் எப்போதும் உறுதியாக இருக்கும். காலத்துக்கு அப்பால் நிற்பவன் அவன் ஒருவனே என்று பாடிப் பழகிய நாவால், பாடி முடித்த கையோடு ஒரு பெட்டியைத் திறந்து, வரும் நாளின் முகத்தை அதனிடம் கேட்பது அவளுக்கே அச்சமாக இருந்தது. அப்படியும் நாள்தோறும் கேட்டாள்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு. பெரியாயி அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கணினி ஹஹ என்று ஒலித்தது. மறுபடி ஹஹ. மறுபடியும்.

"ஏண்டி," என்றாள் பெரியாயி. "மலையில கொழுந்து எடுக்கிறப்பக்கூட என் காதுல அதுதான் கேக்குது. ஹஹன்னா அம்மா. எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு. பள்ளிக்கூடத்து வாசலக்கூட ஒழுங்கா மிதிக்காத எனக்கு வருது, ஒனக்கு வரலையா?"

"வரல."

"பொய் சொல்லாத. நேத்து ஒரு பக்கம் பூரா அந்தப் பாஷயில படிச்ச. ஒன்னப் பெத்தவ பேருதான் ஒனக்கு மறந்து போச்சாக்கும்."

மாவுக் கையோடு வந்தாள். மகள் தடுக்குமுன் சுட்டியைப் பிடித்தாள். "பச்சதானே நல்லாத் தெரிஞ்சவங்களுக்கு?" என்று அழுத்தினாள். "இந்தா, நா பாஸ்."

அட்டை முன்பு சென்ற தொலைவுக்கே தாவியது. அதே நவம்பர்ச் செவ்வாய். திரையில் வாசல் வெறுமையாக, ஈரமாக, கோலமின்றி நின்றது. பெரியாயி அதற்குள் அடுப்பை நோக்கித் திரும்பியிருந்தாள்.

சிவசக்தி அட்டையைத் திரும்ப எடுக்கவில்லை. எடுக்கக் கையை நீட்டியபோது, இத்தனை நாளும் தான் செய்தது என்ன என்பது அவளுக்குப் புலப்பட்டது. சிவப்பை அழுத்தினால் படம் மறையும். செவ்வாய்க்கிழமை மறையுமா? நாயை உள்ளே கட்டியும் நாய் போயிற்று. நாள் தன் வழியில் வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது; அவள் தன் கண்ணை மட்டுமே மூடிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசியில் பரீட்சை நாள் அறிவிக்கப்பட்டது. றின்ஸா தொலைபேசியில் மகிழ்ந்து கூவினாள். இருவருக்கும் ஒரே நாள், ஒரே மண்டபம். நௌபர் இருவரையும் கூட்டிச் செல்வார். திங்கள் மாலை பதுளையிலிருந்து ரயில்.

"என்னைக்கு பரீட்சை?" என்று சிவசக்தி கேட்டாள், செவியில் விழுந்ததை நம்பாதவளாய்.

"செவ்வாய்க்கிழம எண்டுதானே சொன்னன்."

தேதியும் அட்டை காட்டிய அதே தேதி.

அவள் தாயிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் பெரியாயி நகைப்பாள், அல்லது நம்பிவிடுவாள். இரண்டையும் அவளால் தாங்க இயலாது. பெரியாயியோ அந்த வாரம் முழுதும் ஏதோ ஒரு மகிழ்ச்சியை வாய்க்குள் அடக்கிக்கொண்டு நடமாடினாள். செவ்வாயன்று வேலைக்கு வரமாட்டேன் என்று கங்காணியிடம் சொல்லி வைத்தாள். ஏன் என்று மகள் கேட்டதற்கு, "ஒடம்பு வலிக்குது" என்றாள்.

திங்கள் மாலை சிவசக்தி பையோடு பதுளை நிலையத்துக்குப் போனாள். றின்ஸா பெட்டியில் ஏறி, சன்னலோரத்தை அவளுக்காகத் துப்பட்டாவால் துடைத்து வைத்திருந்தாள். சிவசக்தி படியில் ஒரு காலை வைத்தாள். அந்தக் காலை மேலே தூக்கவும் இயலவில்லை, கீழே எடுக்கவும் இயலவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"புள்ள, ஏறுங்க," என்றார் நௌபர்.

"நா வரல, அங்கிள்."

"என்ன வெளயாட்டு இது? சக்தி, ஏறுடி." றின்ஸா கதவுக்கு ஓடி வந்தாள். "இவ்வளவு படிச்சதெல்லாம் என்னத்துக்கு? பயமா? எனக்கும் பயந்தான்."

"பரீட்சைக்கு இல்ல."

"அந்தப் படமா?" றின்ஸாவின் குரல் தாழ்ந்தது. சிவசக்தி தலையசைத்தாள். ரயில் அசைந்தது. றின்ஸா கதவருகிலேயே நின்றாள். தெமோதரை நோக்கித் தண்டவாளம் வளையும் இடம்வரை அவளுடைய வெள்ளைத் துப்பட்டா தெரிந்தது.

வீடு திரும்பிய மகளைக் கண்டு பெரியாயி வாசலுக்கு வந்தாள். பையை வாங்கிக் கீழே வைத்தாள். "ரயில விட்டுட்டியா?" என்றாள். "இல்ல, ஏறல" என்று மகள் சொன்னதும், அவள் முகத்திலிருந்து அந்த வாரத்து மகிழ்ச்சி முழுதும் வடிந்தது. அடுப்படிக்குச் சென்று எதையோ மூடி வைத்தாள்.

செவ்வாய் விடிந்தது. மழையில்லை, காற்றில்லை. மஞ்சு சரிவிலிருந்து ஏறி வந்து முற்றத்தின் விளிம்பில் நின்றுவிட்டது. சிவசக்தி வழக்கம்போல் வாசல் தெளித்தாள். கோலத்தை அன்று வழக்கத்தைவிடப் பெரிதாக இட்டாள். கோடுகளைத் தடித்து இழுத்தாள். பொடி தீரும்வரை இட்டாள். பிறகு தாயைக் கைப்பிடித்து அழைத்து வந்து படியில் அமர்த்தினாள்.

"இன்னைக்கு நீ இங்கதான் இருக்கணும். வாசலத் தாண்டாத."

"என்னடி இது? பைத்தியமா ஒனக்கு?"

"இருக்கட்டும். ஒக்காரு."

பெரியாயி அமர்ந்தாள். மகள் முற்றத்தில் ஒரு பெட்டியைப் போட்டு எதிரே அமர்ந்தாள். மடியில் கணினி. லயத்தார் வேலைக்குப் போயிருந்ததால் எங்கும் ஓசையில்லை. மஞ்சு கூரைகளை ஒவ்வொன்றாக விழுங்கி, கடைசி வீடாகிய அவர்களுடைய வீட்டை மட்டும் விட்டு வைத்தது. பொழுது நகர்வதே தெரியவில்லை. தாயின் மார்பு ஏறி இறங்குவதைச் சிவசக்தி பார்த்துக்கொண்டே இருந்தாள். தாய் இருமினால் எழுந்தாள். தாய் கண்ணயர்ந்தால் பெயர் சொல்லி அழைத்தாள்.

உச்சி திரும்பியபின் பெரியாயியின் பொறுமை அற்றது.

"நீ இப்ப சொல்லப்போறியா, இல்ல நா எந்திரிச்சுப் போகவா? உள்ள மாவு புளிக்குது."

"என்ன மாவு?"

"மொதல்ல நீ சொல்லு."

சிவசக்தி சொன்னாள். செவ்வந்தித் தொட்டியையும், பீலியையும், கறுப்பனையும் சொன்னாள். இந்தச் செவ்வாயைச் சொன்னாள். "படத்துல நீ இல்லம்மா. வாசலக் கழுவி விட்டிருந்துச்சு. கோலம் இல்ல. அப்பாவக் கொண்டு போன அன்னைக்கு இருந்த மாதிரியே இருந்துச்சு."

பெரியாயியின் கண் படியின் முன் கிடந்த கோலத்தின் மேல் இருந்தது.

"இந்த வீட்ல கோலம் யாரு போடுறது?" என்றாள் கடைசியில்.

"நாந்தான்."

"நீ கொழும்புக்குப் போயிருந்தா இன்னைக்கு யாரு போட்டிருப்பா?"

மகள் பொடி ஒட்டிய தன் விரல்களைப் பார்த்தாள்.

"எனக்கு அது கைக்கு வராது. ஒனக்குத் தெரியும். ஒங்கப்பா செத்ததுக்குப் பொறகு நா பொடியக் கையால தொட்டதும் இல்ல." பெரியாயியின் குரல் உயரவில்லை. "நீ பாஸ் பண்ணணும்னு மாரியாத்தாளுக்கு மாவெளக்கு நேந்திருந்தேன். பரீட்ச எழுதுற அன்னைக்கே ஏத்துறேன்னு. முன்னாடி சொன்னாப் பலிக்காதுன்னு வாயக் கட்டிக்கிட்டு இருந்தேன். விடியக்காலையில வீடு வாசல் எல்லாம் கழுவி உட்டுட்டு, பட்டினியோட கோயிலுக்குப் போயி, நீ எழுதி முடிக்கிற வரைக்கும் ஆத்தா முன்னுக்கு ஒக்காந்திருக்கிறதுன்னு இருந்தேன். வாசல்ல நா எப்புடி இருப்பேன்?"

சிவசக்தி கணினியின் மேல் குனிந்தாள். படம் பொய் சொல்லவில்லை. கழுவிய வாசலும், வெறும் படியும், இல்லாத கோலமும், அவள் ரயிலேறியிருந்தால், கண்டபடியே நிகழ்ந்திருக்கும். தாய் தெய்வத்தின் முன் அமர்ந்திருக்கவிருந்த ஒரு நாளைப் பிணம் எடுத்த நாளாக அவள் படித்திருந்தாள். இல்லாது போனவள் தாயல்லள். கொழும்பில் ஒரு மண்டபத்தில் தன் வாழ்வை எழுதிக்கொண்டிருக்க வேண்டிய மகளே அந்தப் படத்தில் இல்லாதவள். அவள் இல்லாமையைத்தான் கோலமற்ற வாசல் காட்டியது.

"அழுவாத," என்றாள் பெரியாயி. "முடிஞ்சிருச்சு. அந்த அட்டய எடு. இன்னைக்குத்தானே வருதுன்ன? என்ன சொல்லுதுன்னு நானும் பாக்குறேன்."

அவள் எழுந்து வந்து மகளின் தோளுக்குப் பின்னால் நின்றாள். சிவசக்தி செயலியைத் திறந்தாள். கூண்டும் இரண்டு புள்ளிகளும் வந்தன. மறுமுகத்தில் பெரியாயி படியில் அமர்ந்திருந்தாள்.

"ஹஹ," என்றாள் மகள். தெரியும் என்பதை அழுத்தினாள். பொத்தானின் கீழே இப்போது நெடுந்தொலைவு தெரிந்தது; இன்னும் இரண்டு நவம்பர் கழித்து ஒரு நாள்.

வாசல் வெறுமையாக இல்லை. படியில் ஒரு பெண் முழங்காலில் மோவாயை வைத்து அமர்ந்திருந்தாள். அருகே படங்குச் சாக்கு கிடந்தது. கொழுந்துச் சாறு படிந்து அவள் விரல்கள் கறுத்திருந்தன.

"நாந்தானே," என்றாள் பெரியாயி. "நல்லாத்தான விழுந்திருக்கேன்." பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள். "இந்தச் சட்ட என்கிட்ட இல்லையே."

அது சிவசக்தி வகுப்புக்கு உடுத்திச் செல்லும் நீலச் சட்டை. மலையில் வெளுத்து, தோளில் கிழிந்து தைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் முகம் சிவசக்தியின் முகம். அவள் அந்தப் பெண்ணின் பின்னால் திறந்திருந்த கதவுக்குள் தாயைத் தேடினாள். உள்ளே இருள் மட்டுமே இருந்தது. அந்த இருளில் யாரும் இருக்கிறார்களா இல்லையா என்று படம் சொல்லவில்லை.

ஒரு மூச்சளவுக்குப் பின் விலகவேண்டிய படம் விலகவில்லை. அது காத்திருப்பதுபோல் நின்றது.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மஞ்சு முற்றத்துக்குள் ஓர் அடி வைத்தது. பிறகு பெரியாயி நடந்து போய், கோலத்தை மிதிக்காமல் தாண்டி, படியின் நடுவில் அமர்ந்தாள். இரண்டு பக்கமும் இடமின்றிக் கால்களை அகற்றி வைத்துக்கொண்டாள்.

"இந்தப் படி ஒருத்தி ஒக்காரத்தான் காணும்," என்றாள். "அது எனக்கு. நீ வேற எடம் பாத்துக்க. அந்தப் புள்ளைக்குப் போனப் போடு. அடுத்த பரீட்ச எப்பன்னு கேளு."

சிவசக்தி கைபேசியை எடுத்து றின்ஸாவை அழைத்தாள். கொழும்பில் மணி ஒலிக்கத் தொடங்கியது. அது ஒலித்துக்கொண்டிருந்தவரை, திரையில் அமர்ந்திருந்த பெண்ணின் முகத்திலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணும் எடுக்கவில்லை.